வீட்டுல வந்ததெல்லாம் ரத்தத்துல வந்ததா?

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, வயசு 46. கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கிச் சொல்லிட்டு பதிலுக்கு வரேன். அவரோட ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, மலாயாவுல கடையில இருந்துட்டு திரும்பி வந்தவுக, ஓயாம சுருட்டு குடிப்பாக, 1984ல தொண்டையில புத்து வந்து இறந்துட்டாக. அப்பத்தாவுக்கு வெத்தலையும் புகையிலையும் இல்லாம பொழுது போகாது, கன்னத்துல புண்ணு வந்து ஆறாமலே 1996ல போய்ட்டாக. அப்பச்சிக்கு, அதாவது இவரோட அப்பாவுக்கு, இப்போ 72, போன வருஷம் கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா படை மாதிரி வந்து, பயாப்சி எடுத்தா ஆரம்பக்கட்ட புத்து, ஆபரேஷன் முடிஞ்சு இப்போ வீட்டுல இருக்காக. ஆத்தாவோட தங்கச்சிக்கு, அதாவது இவருக்கு சின்னாத்தாவுக்கு, 61 வயசுல மார்புல வந்து வைத்தியம் பாத்து நல்லாயிட்டாக.

இவரு மகளுக்கு 24 வயசு, நல்ல இடம் ஒண்ணு அமைஞ்சு வர்ற நேரத்துல மாப்பிள்ளை வீட்டுல யாரோ, "அவுக வீட்டுல மூணு தலைமுறையா கேன்சராமே, பொண்ணுக்கும் ரத்தத்துல இருக்கும்ல"னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. அதுல இருந்து மனுஷனுக்கு தூக்கம் இல்ல. கேக்குறது மூணு. எங்க ஜீன்லயே இது இருக்கா ஆச்சி? ஆன்லைன்ல எச்சில் அனுப்பினா ஜீன் பாத்து சொல்றாங்களாம், மகளுக்கு எடுத்துரவா? எங்க ஆத்தா வீட்டுல பலகாரம் போட்டு விக்கிறாக, அந்த எண்ணெயும் அடுப்புப் புகையும்தான் எல்லாத்துக்கும் காரணம்னு என் தம்பி சண்டை போடுறான், நிறுத்தச் சொல்லிரவா?

இதுக்கு நடுவுல போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்காரு. ஒண்ணு, "அப்பச்சி இந்த வீட்டுக்கு அஞ்சு வயசுல சுவீகாரம் வந்தவுக, பிறந்த வீட்டுப் பங்காளிங்க எங்க பக்கம் யாருக்கும் இது கிடையாதுனு சாதிக்கிறாங்க." இன்னொண்ணு கடிதத்தோட கடைசியில, "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல ஆச்சி, சாப்பிட்டதும் பாக்கு மட்டும் போடுவேன், இப்பெல்லாம் காரம்தான் ஒத்துக்க மாட்டேங்குது, வயசாகுதுல்ல."

தம்பி, உங்க மூணு கேள்வியை விட இந்த ரெண்டு வரிதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. முதல் வரியில இருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டாவது வரிக்கு கடைசியில வரேன், அதைப் படிக்காம மட்டும் விட்றாதீங்க.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்க குடும்பத்தை வரைஞ்சு பாருங்க, நான் வரைஞ்சு பாத்துட்டுதான் எழுதுறேன். ஐயாவும் அப்பத்தாவும் புருஷன் பெண்டாட்டி. நம்ம பக்கம் ஒரே கோயில்காரங்கன்னா பங்காளி முறை, வேற கோயில்லதானே கட்டுவாங்க, அதனால ரெண்டு பேரும் வேற வேற வம்சம். அப்பச்சி சுவீகாரம் வந்தவுக, அவுக உடம்புல இருக்கிற ஜீன் பிறந்த வீட்டுல இருந்து வந்தது, ஐயாகிட்ட இருந்தோ அப்பத்தாகிட்ட இருந்தோ வந்தது கிடையாது. சின்னாத்தா உங்க ஆத்தாவோட பிறந்தவுக, அது தனிக் கிளை. ஆக நீங்க "மூணு தலைமுறையா எங்க ரத்தத்துல"னு எழுதுறீங்களே, அந்த மூணு பேருக்குள்ள நேரா வர்ற ரத்த உறவே கிடையாது. மூணு பேருக்கும் பொதுவா இருந்தது ஒரே வளவு, ஒரே அடுப்படி, ஒரே வெத்தலைப்பெட்டி. அப்பச்சி பதினஞ்சு வயசுல புகையிலை போட ஆரம்பிச்சதே அப்பத்தா மடிச்சுக் கொடுத்துதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சுவீகாரம் வந்த பிள்ளைக்கு அந்த வீட்டு ரத்தம் வரல தம்பி, அந்த வீட்டு வெத்தலைப்பெட்டி வந்திருக்கு.

நான் 31 வருஷம் நச்சியல் ஆய்வுக்கூடத்துல, அதாவது டாக்ஸிகாலஜி லேப்ல இருந்தவ. எந்தப் பொருள் டிஎன்ஏவைத் தொடுது, தொட்டா என்ன பண்ணுது, இதைத்தான் பாத்துட்டே இருந்தேன். அந்த அனுபவத்துல சொல்றேன், "கேன்சர்னா ஜீன் நோய்"னு டாக்டருங்க சொல்றதை சனங்க "பரம்பரை நோய்"னு எடுத்துக்கிறதுதான் இத்தனை கலக்கத்துக்கும் காரணம். ரெண்டும் வேற. எல்லா கேன்சரும் ஜீன் கெட்டுப்போறதுலதான் ஆரம்பிக்குது, அது உண்மை. ஆனா கெட்டுப்போன ஜீனோட பிறக்கிறது வேற, பிறந்தப்ப நல்லா இருந்த ஜீன் வாழ்க்கையில கெட்டுப்போறது வேற. பிறக்கும்போதே வந்த ஒரு ஜீன் கோளாறுதான் முக்கிய காரணம்னு சொல்ற மாதிரியான கேன்சர், மொத்தத்துல 100க்கு 5ல இருந்து 10 வரைக்கும்தான்.

நம்ம ஊர்க் கணக்கை வச்சே சொல்றேன். அந்தக் காலத்துல ரங்கூன்லயும் பினாங்குலயும் கடை வச்சிருந்தவங்க வீட்டுல பேரேடு இருக்கும்ல, ஒரு கடையில உக்காந்து கணக்கு எழுதுறவரு ஒரு இடத்துல தப்பா எழுதிட்டா அந்தக் கடைப் பேரேட்டுலதான் தப்பு, அந்தத் தப்பு மேல தப்பா ஏறி அந்தக் கடையே திவாலானாலும் ஊர்ல பெட்டகத்துக்குள்ள இருக்கிற மூல ஏட்டுல ஒரு எழுத்து மாறாது. உங்க அப்பச்சியோட கன்னத்துல நடந்தது அதுதான். ஐம்பத்தஞ்சு வருஷமா புகையிலை ஒதுக்கி வச்ச அந்த இடத்துல இருக்கிற செல்லுங்களோட டிஎன்ஏவுல தப்பு விழுந்திருக்கு. பிள்ளைக்குப் போறது விந்துலயும் கருமுட்டையிலயும் இருக்கிற ஏடு. கன்னத்துல விழுந்த தப்பு உங்களுக்கும் வரல, உங்க மக வரைக்கும் போகவும் வழியே இல்ல.

நம்ம உடம்புலயே தப்பைக் கண்டுபிடிக்கிற மேலாள் ஒருத்தர் இருக்காரு, பி53னு பேரு. டிஎன்ஏவுல அடிபட்டிருக்குனு தெரிஞ்சா செல்லை நிப்பாட்டி, சரி பண்ணு, சரி பண்ண முடியலைனா செத்துப்போனு சொல்ற ஜீன். மனுஷனுக்கு வர்ற கேன்சர்ல ஏறக்குறைய பாதியில இந்த மேலாளே கெட்டுப்போயிருக்காரு. எனக்கு இந்தத் துறையில பிரமிப்பு அடங்காத விஷயம் ஒண்ணு உண்டு, எது வந்து கெடுத்துச்சோ அது சில நேரம் கைரேகையை விட்டுட்டுப் போகும். பூஞ்சை பிடிச்ச நிலக்கடலையில வர்ற அஃப்லடாக்சின் ஈரலுக்குள்ள போனா பி53ல 249வது இடத்துல ஒரு குறிப்பிட்ட எழுத்தை மாத்துது, அஃப்லடாக்சின் அதிகமா இருக்கிற நாடுகள்ல ஈரல் புத்து வந்தவங்களை எடுத்துப் பாத்தா திரும்பத் திரும்ப அதே இடம். சிகரெட் புகையில இருக்கிற பென்சோபைரீன் எந்தெந்த இடத்துல போய் ஒட்டுதோ அதே இடங்கள்லதான் சிகரெட் குடிச்சவங்க நுரையீரல் கட்டியிலயும் பி53 அடிவாங்கியிருக்குனு 1996ல காட்டினாங்க. பரம்பரையில வந்த தப்பா இருந்தா உடம்பு முழுக்க எல்லா செல்லுலயும் அது இருக்கணும். இது கட்டியில மட்டும் இருக்கு, பக்கத்துல இருக்கிற நல்ல சதையில இல்ல. வெளியில இருந்து வந்து கைவச்சுட்டுப் போன பொருளை அந்தச் செல்லே காட்டிக்கொடுக்குது.

அப்போ ஒரே பழக்கம் இருக்கிற ரெண்டு பேருல ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தர் தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சுட்டு நல்லா இருக்காரே, அது எப்படினு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அங்க ஜீனுக்கு ஒரு பங்கு இருக்கு, மறைக்க மாட்டேன். அது என்ன பங்குனு புரிய என் பழைய கதை ஒண்ணு சொல்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தப்ப எங்க வீட்டு அடுப்படி ஓட்டுக்கு அடியில தொங்குற ஒட்டடைக் கரியைச் சுரண்டி ஒரு சின்ன பாட்டில்ல போட்டு எடுத்துட்டுப் போனேன், எங்க ஆயா, "கரியைப் போய் பட்டணத்துக்குக் கொண்டுபோறியேத்தா"னு கேட்டுக்கிட்டே நின்னாக. அதைக் கரைப்பான்ல ஊறவச்சு வடிகட்டி ஏம்ஸ் டெஸ்ட் பண்ணினேன். புரூஸ் ஏம்ஸ்னு கலிபோர்னியா பெர்க்லியில இருந்த விஞ்ஞானி 1970கள்ல கொண்டுவந்த பரிசோதனை. சால்மோனெல்லா கிருமியில ஒரு ஜீனைக் கெடுத்து, ஹிஸ்டிடின்ங்கிற சத்தைத் தானா செஞ்சுக்க முடியாதபடி ஆக்கி வச்சிருப்பாங்க, ஹிஸ்டிடின் இல்லாத தட்டுல போட்டா அது வளராது. எதாவது ஒரு பொருள் டிஎன்ஏவைக் குழப்பினா சில கிருமிகளுக்கு அந்தக் கெட்ட எழுத்து தற்செயலா திருந்திப்போய் புள்ளி புள்ளியா முளைச்சுரும். எத்தனை புள்ளியோ அத்தனைக்கு அந்தப் பொருள் டிஎன்ஏவைத் தொடுதுனு அர்த்தம்.

எங்க அடுப்படிக் கரியை மட்டும் விட்ட தட்டுல ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தேன், அங்கொண்ணு இங்கொண்ணுதான். பக்கத்துத் தட்டுல அதே கரியோட எலி ஈரல்ல இருந்து எடுத்த சாறையும் கலந்து விட்டிருந்தேன். அந்தத் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளி, கசகசாவை அள்ளித் தூவின மாதிரி. பல பொருள் உள்ள போகும்போது அவ்வளவு ஆபத்து இல்லாமத்தான் போகுது, நம்ம ஈரல் அதைத் தண்ணியில கரைச்சு வெளியேத்தலாம்னு நல்லெண்ணத்துல மாத்தும்போதுதான் பாதி வழியில டிஎன்ஏவோட ஒட்டிக்கிற வடிவம் வருது. மாத்துற வேலையைச் செய்யுறது ஒரு ஜீன் கூட்டம், ஒட்டுறதுக்கு முன்னாடி பிடிச்சு வெளிய தள்ளுறது இன்னொரு கூட்டம். இந்த ரெண்டாவது கூட்டத்துல ஜிஎஸ்டிஎம்1னு ஒண்ணு இருக்கு, உலகத்துல கோடிக்கணக்கான பேருக்கு அந்த ஜீனே கிடையாது, அவங்களும் நம்மளை மாதிரி நல்லாத்தான் நடமாடிட்டு இருக்காங்க. அது இல்லாதவர் புகையிலை போட்டா மத்தவங்களை விட கொஞ்சம் கூடுதலா அடி வாங்கலாம், அவ்வளவுதான், ஆனா புகையிலையே போடலைனா அந்த ஜீன் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, பிடிச்சுத் தள்ள வேண்டிய பொருளே வாய்க்குள்ள வரலையே.

ஆன்லைன்ல எச்சில் கேக்குறவங்க பல பேர் இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கூட்டிக் கழிச்சுத்தான் "உங்களுக்கு இத்தனை சதவீதம் ரிஸ்க்"னு கலர் கலரா ஒரு ரிப்போர்ட் அனுப்புறாங்க. அதை வச்சு 24 வயசுப் பொண்ணு எதையும் முடிவு பண்ண முடியாது, ஆனா அந்தத் தாள் வீட்டுல ஒரு தடவை வந்துட்டா எல்லாரும் எடுத்து எடுத்துப் பாத்துட்டே இருப்பாங்க. வேணாம் தம்பி. அந்தக் காசுல வீட்டுல எல்லாரும் ஒரு நல்ல பல் டாக்டரைப் பாத்துட்டு வரலாம்.

ஜீன் டெஸ்டே வீண்னு சொல்ல வரல. தேவைப்படுற குடும்பங்கள் இருக்கு, அங்க அது உயிரைக் காப்பாத்தும். 1994ல கண்டுபிடிச்ச பிஆர்சிஏ1, அடுத்த வருஷம் பிஆர்சிஏ2, இந்த ஜீன்ல கோளாறோட பிறந்தவங்களுக்கு மார்புலயும் சினைப்பையிலயும் புத்து வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா பக்கம் இருந்தும் வரும், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. சந்தேகப்பட வேண்டியது எப்போன்னா, ரத்த உறவுல சின்ன வயசுலயே, அம்பதுக்குள்ள, மார்புலயோ பெருங்குடல்லயோ வந்திருக்கணும், இல்ல ஒரே பக்கத்துல ரெண்டு மூணு பேருக்கு அதே மாதிரி வந்திருக்கணும், இல்ல ஒரே ஆளுக்கு ரெண்டு மார்புலயும் வந்திருக்கணும், சினைப்பையில வந்திருந்தா ஒருத்தருக்குனாலும் கேக்கணும். உங்க வீட்டுல இருக்கிறது சின்னாத்தாவுக்கு 61 வயசுல வந்தது ஒண்ணுதான். அந்த வயசுல அது வேற எந்தக் குடும்பத்துலயும் வரக்கூடியதுதான். ஆனாலும் உங்க ஆத்தாகிட்ட உக்காந்து ஒண்ணு கேட்டு எழுதி வைங்க, அவுக பிறந்த வீட்டுல பெரியவுகள்ல யாருக்காவது வயித்துல கட்டினு சொல்லி இறந்தது உண்டா, எந்த வயசுல. நம்ம வீடுகள்ல பொம்பளைங்க நோயை "வயித்துக் கோளாறு"னு சொல்லி மூடி வச்சிருப்பாங்க, அது சினைப்பைப் புத்தா இருந்திருக்கலாம். அப்படி யாராவது தெரிய வந்தா அப்போ போய்ப் பாக்கலாம், போனாலும் முதல் டெஸ்ட் சின்னாத்தாவுக்குத்தான், நோய் வந்தவங்ககிட்ட கோளாறு இருக்கானு பாத்துட்டுத்தான் வராதவங்களுக்குப் பாக்குறது முறை. மகளை நேரா கூட்டிட்டுப் போறது தலைகீழ்.

இன்னொரு விஷயம் உங்க ஐயா மலாயா போனவுகனு படிச்சதும் ஞாபகம் வந்துச்சு. ஜப்பான்ல வயித்துப் புத்து அதிகம், அமெரிக்காவுல பெருங்குடல் புத்து அதிகம், ஜப்பான்ல இருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் கணக்கெடுத்தாங்க, 1968ல வந்தது அந்த ஆய்வு. வயித்துப் புத்து குறைஞ்சுட்டே போச்சு, பெருங்குடல் புத்து ஏறி அந்த ஊர்க்காரங்க அளவுக்கு வந்துருச்சு. கப்பல் ஏறினவங்க ஜீன் அப்படியேதான் இருந்துச்சு, சாப்பாடும் புழக்கமும்தான் மாறுச்சு.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றதுனு கேட்டா, நான் வரையச் சொன்ன தாளையே கொண்டுபோய்க் காட்டுங்க. அப்பச்சி சுவீகாரம் வந்ததை மறைக்க வேண்டியதும் இல்ல, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. அதுக்கு மேலயும் அவங்க ஜீன் ஜீன்னு பேசினா என் மனசுல படுறதைச் சொல்றேன், அந்த வீட்டுக்குப் பொண்ணைக் கொடுக்கிறதை நீங்கதான் யோசிக்கணும். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அது பிறந்த வீட்டு ரத்தம்னு பேச்சு வரும். புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கச்சி கேன்சர்ல இறந்தாங்க, அந்த அம்மா அதை மனசுல வச்சுட்டே இருந்து 1954ல அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரியைத் திறந்தாங்க. நமக்குப் பக்கத்து மண்ணுல பிறந்தவங்க, எழுவது வருஷத்துக்கு முன்னாடியே இவ்வளவு தெளிவு இருந்திருக்கு.

இப்போ ஆத்தாவோட பலகாரத்துக்கு வரேன். உங்க தம்பி சொல்றதுல பாதி சரி.

கரிக்கும் புத்துக்கும் உள்ள சம்பந்தம்தான் இந்தத் துறையோட தொடக்கமே. லண்டன்ல பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன், புகைக்கூண்டு சுத்தம் பண்ற பையனுங்களுக்குப் பெரியவனானதும் விரைப்பையில புண்ணு மாதிரி புத்து வருதுனு 1775ல எழுதினாரு, சின்ன வயசுல இருந்து உடம்புல ஒட்டின கரிதான் காரணம்னு சொன்னது அவருதான். 140 வருஷம் கழிச்சு 1915ல ஜப்பான்ல யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதுல மாசக்கணக்கா தாரைத் தடவித் தடவி புத்தை வரவச்சுக் காட்டினாங்க. 1930கள்ல அந்தத் தார்ல இருந்து பிரிச்சு எடுத்ததுதான் நான் மேல சொன்ன பென்சோபைரீன். அதே பொருள் சுருட்டுப் புகையிலயும் இருக்கு, கருவை விறகு எரியுற புகையிலயும் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சினு ஒண்ணு பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கு, வீட்டுக்குள்ள விறகு எரிக்கிற புகையையும், எண்ணெயை ரொம்பக் காய வச்சு பொரிக்கும்போது வர்ற புகையையும் அவங்க 2ஏ பிரிவுல வச்சிருக்காங்க, அதாவது கேன்சர் வரவழைக்கிற வாய்ப்பு வலுவா இருக்குனு. அந்தப் பிரிவெல்லாம் சாட்சி எவ்வளவு உறுதினு சொல்றதுதான், எது எவ்வளவு வீரியம்னு சொல்றது இல்ல, பேப்பர்ல இதைப் போட்டுக் குழப்பி எடுக்குறாங்க. ரெண்டு பொருள் ஒரே பிரிவுல இருந்தா ரெண்டும் ஒரே அளவு கெடுதல்னு அர்த்தம் கிடையாது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியா உள்ள போச்சு, இந்த மூணையும் கேக்காம எதையும் விஷம்னும் சொல்லக்கூடாது, விஷம் இல்லைனும் சொல்லக்கூடாது.

அதனால ஆத்தாவைப் பலகாரம் போடுறதை நிறுத்தச் சொல்லாதீங்க. இருக்கிற இடத்தை மாத்துங்க. கதவைச் சாத்திட்டு உள்ள அடுப்படியில இருப்புச் சட்டியை வச்சுட்டு அஞ்சு மணி நேரம் அந்தப் புகையிலயே நின்னு தேன்குழல் பிழியுறாகனு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. நம்ம வீடுகளைக் கட்டினவங்க ரெண்டாங்கட்டுல வானம் பாத்து முற்றம் விட்டிருக்காங்க, அங்க கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து போடுங்க, விறகு வேணாம், புகை மேல போயிரும். எண்ணெய் புகையுற அளவுக்கு காயக்கூடாது, ஒரு துளி மாவு போட்டா அடியில போய் மேல எழும்பி வரணும், அதுக்கு மேல சூடு வேண்டியதில்ல.

எண்ணெய் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா அது உடைஞ்சு வேற பொருளா மாறிட்டே போகும், அதை அளக்க மொத்த போலார் பொருள்னு ஒரு கணக்கு இருக்கு, அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயை உபயோகிக்கக் கூடாதுனு 2018 ஜூலை 1ல இருந்து நம்ம நாட்டுல சட்டமே இருக்கு. வீட்டுல அளக்க மெஷின் வேணாம், ஆத்தாவுக்கே தெரியும், மாவு போட்டதும் ஓரத்துல பொங்குற நுரை அடங்காம நிக்குதா, எண்ணெய் தேன் மாதிரி கெட்டியா வழியுதா, முன்னை விட சீக்கிரமே புகையுதா, அப்போ அது போச்சு. பாதி புதுசு ஊத்தி சரிக்கட்டுற வேலை வேணாம், அடியில தங்குற மண்டி தான் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். சீப்புச் சீடையும் முறுக்கும் பொன்னிறத்துலயே எடுத்துரணும், கருகக் கருக அக்ரிலமைடுனு ஒண்ணு கூடும், மாவுப் பண்டத்தைப் பொரிச்சா அது வருதுனு 2002ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்சாங்க. நல்ல கைப்பக்குவம் உள்ள ஆச்சிங்க பலகாரம் எப்பவுமே கருகாது, அதனால இதைப் பத்தி நான் அதிகம் கவலைப்படல. கடலையில மட்டும் சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எதையும் விடாம பொறுக்கி எறியச் சொல்லுங்க, வறுத்தா சரியாப்போயிரும்னு நினைக்கக்கூடாது, அஃப்லடாக்சின் நம்ம அடுப்புச் சூட்டுக்கு முழுசா போகாது. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, தீனியில கலந்த பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்குதான் காரணம், அதுல இருந்துதான் இந்த விஷத்தையே கண்டுபிடிச்சாங்க.

ஆனா உங்க வீட்டு மூணு பேருக்கும் தொண்டையிலயும் கன்னத்துலயும் வந்ததுக்கு இந்தச் சட்டியைக் காரணம் காட்டாதீங்க. எண்ணெய்ப் புகைக்கு சாட்சி இருக்கிறது நுரையீரலுக்கு. கன்னத்துக்கும் தொண்டைக்கும் சாட்சி புகையிலை மேல மலை மாதிரி இருக்கு. அறுவது வருஷமா அந்தப் புகையில நின்ன ஆத்தாவுக்கு வாயில ஒண்ணும் இல்ல, ஏன்னா அவுக வெத்தலைப்பெட்டியைத் தொட்டதே இல்லைனு நீங்களே எழுதியிருக்கீங்க.

அப்பச்சி ஆபரேஷனுக்கு அப்புறமும் "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது"னு ஒளிச்சு வச்சுப் போடுறாகனு சொன்னீங்க. ஆகும். பிரிட்டன்ல ரிச்சர்ட் டால் அப்படிங்கிறவரு 1951ல இருந்து டாக்டருங்களையே அம்பது வருஷம் விடாம கணக்கெடுத்தாரு, அறுவது வயசுல சிகரெட்டை விட்டவங்களுக்குக்கூட சராசரியா 3 வருஷ ஆயுசு திரும்பக் கிடைச்சிருக்கு, முப்பதுல விட்டவங்களுக்கு 10. அது சிகரெட் கணக்கு, வாயில ஒதுக்குறதுக்கும் விட்டா நல்லதுங்கிறதுல சந்தேகமே இல்ல. ஒரு கன்னத்துல வந்தவங்களுக்கு வாயில இன்னொரு இடத்துல புதுசா வர்ற ஆபத்து இருக்கு, ஏன்னா அத்தனை வருஷமா அந்தச் சாறு வாய் முழுக்கத்தானே ஓடியிருக்கு. திட்டாதீங்க, ஒளிச்சு வச்சதைத் தேடி எடுக்காதீங்க, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போய், விட முடியலைனு சொல்லுங்க, அதுக்கு மருந்து இருக்கு, ஆலோசனை இருக்கு. ஐம்பத்தஞ்சு வருஷப் பழக்கத்தை மனுஷன் தனியா விட முடியாது.

இப்போ உங்க கடைசி வரி தம்பி.

"பாக்கு மட்டும்தான்"னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ல பாக்கை யாரும் பழக்கம்னே நினைக்கிறது இல்ல, தாம்பூலத்துல வைக்கிறது, பெரியவங்க கையில வாங்குறது, மங்கலம். எங்க ஆயாவோட பெட்டி இன்னமும் என்கிட்ட இருக்கு, பித்தளையில சின்ன பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், அதை நான் பொக்கிஷமா வச்சிருக்கேன், அதனால இதைச் சொல்றப்ப எனக்கும் மனசு வலிக்குது. 2004ல ஐஏஆர்சி புகையிலை சேர்க்காத வெத்தலைபாக்கையும், தனிப் பாக்கையும் முதல் பிரிவுல போட்டுட்டாங்க, மனுஷனுக்கு கேன்சர் வரவழைக்குதுனு நிரூபணமான பிரிவு, புகையிலை இருக்கிற அதே பிரிவு. பாக்குல இருக்கிற அரிகோலின் வாயோட உள்தோலுக்கு அடியில நார் நாரா சதையைக் கட்ட வைக்கும், சுண்ணாம்பு சேர்ந்தா இன்னும் மோசம், கொஞ்சம் கொஞ்சமா கன்னம் விறைச்சு வெளிறி வாய் திறக்குறது குறைஞ்சுட்டே வரும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு. அது புத்து இல்ல, ஆனா புத்தா மாறக்கூடியது. அதோட முதல் அறிகுறி பெரும்பாலும் என்னனு தெரியுமா, காரம் பட்டா வாய் எரியுறது.

பிறந்ததுல இருந்து மிளகாயும் மிளகும் அரைச்சு ஊத்தின சாப்பாட்டுல வளர்ந்த ஆளுக்கு 46 வயசுல திடீர்னு காரம் ஒத்துக்காம போனா அதை வயசு மேல போடாதீங்க. வேற காரணமும் இருக்கலாம், ரத்த சோகை, விட்டமின் குறைவு, வயித்து அமிலம், நான் உங்க வாயைப் பாக்கல. ஆனா பாக்கும் போட்டு எரிச்சலும் இருக்குனு ஒருத்தர் எழுதினா என்னால சும்மா இருக்க முடியாது.

திருவனந்தபுரத்துல 1996ல ஆரம்பிச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க, பெரிய மெஷின் எதுவும் கிடையாது, பயிற்சி கொடுத்த பணியாளருங்க வீடு வீடா போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்துல பாத்தாங்க, அவ்வளவுதான். புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவங்களுக்குள்ள வாய்ப் புத்துல இறக்குறது 34 சதவீதம் குறைஞ்சதுனு 2005ல எழுதினாங்க. மகளோட எச்சிலை எங்கயோ அனுப்புறதை விட உங்க வாயை ஒருத்தர் வெளிச்சத்துல பாக்குறதுதான் இந்தக் குடும்பத்துக்கு இப்போ தேவைப்படுற டெஸ்ட்.

இன்னைக்கு சாப்பிட்டதும் பாக்கை எடுக்காதீங்க, ஒரு கிராம்பையோ சோம்பையோ வாயில போட்டுக்குங்க. நாளைக்குக் காலையில பல் விளக்கிட்டு கண்ணாடி முன்னாடி வெளிச்சத்துல நின்னு வாயை முழுசா திறந்து ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி முன்பல்லுக்கு நடுவுல விட்டுப் பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு மூணும் போகும். அப்புறம் கன்னத்தை விரலால இழுத்து உள்பக்கம் பாருங்க, வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு, தொட்டா கயிறு மாதிரி இறுகின இடம் எதாவது இருக்கானு. ஒண்ணும் தெரியலைனாலும் இந்த வாரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட போய் "பாக்கு போடுவேன், காரம் எரியுது"னு இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க, தனித்தனியா சொல்லாதீங்க. போறப்ப அப்பச்சியையும் கூட்டிட்டுப் போங்க, அவுகளுக்கும் பாத்துட்டு வரலாம். எத்தனை விரல் போச்சுனு எனக்கு ஒரு வரி எழுதுங்க தம்பி, காத்துட்டு இருப்பேன்.